எத்தனாவது பிள்ளை?

கழனிவாசல் முக்கில் மஞ்சள் வேன் வந்து நின்றதுமே முத்தழகு தன் ஸ்கூட்டியை அதன் ஓரமாக ஒட்டி நிறுத்தி, ஜன்னல் வழியே தலைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏத்தா, குனிஞ்சு கெடக்கிறது யாரு? நிமிரு!" நிமிர்ந்த பிள்ளையையும் சேர்த்தால் ஏழு. பையிலிருந்து நோட்டை எடுத்து, இடத்தின் பெயர், மணி, ஏழு என்று மூன்றையும் குறித்துக்கொள்கிறாள். டிரைவர் பெத்தன் கண்ணாடியில் அவளைப் பார்த்து, "எண்ணி முடிச்சாச்சாக்கா? வண்டிய எடுக்கவா?" என்று அனுமதி கேட்கிறான்.

அந்த வேனில் முத்தழகுக்கு ஒரு பிள்ளையும் போவதில்லை. அவளுக்குப் பிள்ளையே கிடையாது. காரைக்குடியில் அவள் வீட்டு புரோக்கர். வயது நாற்பத்தெட்டு. ஊரில் இருக்கிற மற்ற புரோக்கர்கள் எல்லாம் தண்ணீர் வசதி, வாஸ்து, கார் நிறுத்த இடம் என்று ஆரம்பிப்பார்கள். இவள் வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டாள். "வீடு கெடக்கட்டும். பிள்ளை எத்தனாவது படிக்குது? உங்களுக்கு எந்த ஊர்ல வேலை? அதை மொத சொல்லுங்க" என்பாள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர் ஏதோ ஆஸ்பத்திரியில் சீட்டு எழுத வந்தவர் மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அவளிடம் செல்லாது. அவள் கணக்கு வேறு. வேனில் எத்தனாவது பிள்ளை? அவ்வளவுதான். "காலையில மொத ஏறுற பிள்ளைதான் சாயங்காலம் கடைசியா இறங்கும். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்துல இருக்கும், ஆனா அது ஊரைச் சுத்திட்டுத்தான் போகும். பத்தாவது பிள்ளைக்கு மேலன்னா வீட்டை எடுங்க. மொத மூணுக்குள்ளன்னா, அது அரண்மனையா இருந்தாலும் வேண்டாம்." இதைச் சொல்லும்போது மூன்று விரலை நீட்டி, அதை மடக்காமலேயே அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாள்.

சத்தியமூர்த்தி என்று ஒருவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தார். வேலை சிவகங்கையில். பள்ளத்தூரில் ஒரு வீட்டின் தேக்குத் தூண்களைப் பார்த்ததும் மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடமும் பக்கத்திலேயே இருந்தது. முத்தழகு சாவியைக் கொடுக்கவில்லை. "பிள்ளைக்குச் சரி. நீங்க எப்பிடிப் போவீக? மூணு நாளு பஸ்ஸுல போயிட்டு வாங்க. நாலாம் நாளு சாவி தாரேன்" என்றாள். இரண்டாம் நாளே அவர் போன் செய்தார். திரும்பி வரும்போது தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கோ நின்றுகொண்டிருந்தாராம். "தூணைப் பாத்து வீடு எடுத்தா தூணுகிட்டதான் பேசிக்கிட்டு இருக்கணும்" என்று அவள் சிரித்த சிரிப்பு இன்றும் அவருக்கு மறக்கவில்லை. இப்போது சிவகங்கையிலேயே குடியிருக்கிறார்.

பள்ளிக்கூடங்களையும் அவள் விடுவதில்லை. சாயங்காலம் மணி அடிக்கும் நேரத்துக்கு ஏதாவது ஒரு பள்ளியின் வாசலில் அவளைப் பார்க்கலாம். வெளியே பெரிதாக மாட்டியிருக்கும் மதிப்பெண் பேனர் பக்கம் கண் போகாது. காவலாளியிடமும் ஆயாவிடமும் பேச்சுக் கொடுப்பாள். "கணக்கு டீச்சர் எத்தனை வருசமா இருக்காக? கக்கூஸுல தண்ணி வருதா?" இந்த இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால்தான் அந்தப் பள்ளியின் பெயர் நோட்டில் ஏறும். அப்படி ஏறியதில் முதல் இடம், ஊருக்குள் இருக்கும் ஒரு பழைய பெண்கள் பள்ளிக்கு. அங்கே கணக்கு டீச்சர் பதினோரு வருடமாக இருக்கிறார்.

அவளுக்கு ஆகாத சொல் ஒன்று உண்டு. 'இந்தா இருக்கு.' இந்தப் பக்கத்தில் யாரிடம் வழி கேட்டாலும் வருகிற பதில் இதுதான். கை எட்டும் தூரமும் இந்தா இருக்கு, கால் கடுக்கும் தூரமும் இந்தா இருக்கு. அதை நம்பி வெயிலில் நடந்தவர்கள் எத்தனையோ பேர். யாராவது புரோக்கர் அவள் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டால் போதும், "நிமிசத்துல சொல்லுய்யா, நிமிசத்துல" என்று பிடித்துக்கொள்வாள். டீக்கடையில் அவளைக் கண்டதும் மற்ற புரோக்கர்கள் வேண்டுமென்றே, "முத்தழகு, டீ இந்தா இருக்கு" என்று நீட்டுவார்கள்.

இப்பேர்ப்பட்டவளின் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்தது இந்த வருடம் மார்ச் மாதத்தில்.

தங்கை நாகவல்லிக்குத் தர்மபுரியிலிருந்து சிவகங்கைக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. அரசு அலுவலகத்தில் வேலை. கணவருக்கு ஓசூரில் கம்பெனி உத்தியோகம், மாதம் இரண்டு முறைதான் வர முடியும். மகள் சௌபர்ணிகா ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். சிவகங்கையிலேயே வீடு எடுத்துவிடலாம். ஆனால் நாகவல்லிக்கு அக்கா பக்கத்தில் இருந்தால்தான் தெம்பு. தினமும் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய் வருவதற்கு அவள் துணிந்துவிட்டாள். பிள்ளைக்கும் அப்படியொரு அலைச்சல் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவள் நிபந்தனை. அக்கா மெச்சிய அந்தப் பெண்கள் பள்ளியிலேயே இடமும் சொல்லி வைத்துவிட்டாள்.

முத்தழகுக்குக் கோவிலூரில் சொந்த வீடு. கணவர் கட்டியது. அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. மாடியில் குடியிருந்தவர்கள் தை மாதம் காலி செய்த பிறகு அவள் அதை யாருக்கும் விடவில்லை. வீடு கேட்டு வந்தவர்களிடம் பைப் ரிப்பேர், ஒயரிங் ரிப்பேர் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். மாற்றலுக்கு எழுதிப் போட்டிருப்பதாகத் தங்கை சொன்ன அன்றே, அந்த மாடி அவளுக்கு என்று முடிவுகட்டியிருந்தாள். ஒரு அறைக்கு இளம்பச்சைச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னல் ஓரமாகப் படிப்பு மேசையும் வாங்கிப் போட்டுவிட்டாள். ஊரில் அத்தனை பேருக்கும் வீடு பிடித்துக் கொடுத்தவள், தனக்கென்று ஆசைப்பட்டது தலைக்கு மேலே கொஞ்சம் காலடிச் சத்தத்துக்குத்தான்.

"அக்கா, உன் வீட்டுலேருந்து அந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?" என்று நாகவல்லி போனில் கேட்டாள்.

"இந்தா இருக்கு."

அந்தப் பக்கம் குபீரென்று சிரிப்பு. "நீயாக்கா சொல்ற? நிமிசத்துல சொல்லு."

"சொன்னாப் புரியாது. நீ பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்து பாரு" என்று போனை வைத்துவிட்டு, முத்தழகு தன் வாயில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள். கோவிலூர் எத்தனாவது பிள்ளை என்று நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. பெத்தனின் வேனில் கோவிலூர்தான் முதல் நிறுத்தம். காலை ஏழு ஐந்துக்கு ஏறினால், பத்து இடம் சுற்றி, எட்டு இருபத்தைந்துக்குப் பள்ளி வாசல்.

சனிக்கிழமை அவள் பெத்தனைத் தேடிப் போனாள். அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தம்பி, திங்கக்கிழமை ஒரு நாளு மட்டும் ரூட்டை மாத்தி ஓட்டேன். கடைசி நிறுத்தத்துலேருந்து ஆரம்பிச்சு, கோவிலூருக்குக் கடைசியா வா."

பெத்தனுக்குக் கையிலிருந்த துணி நழுவியது. "நீங்களாக்கா கேக்குறீக? பிள்ளைக பெத்தவுக என்னைய வைவாகளே."

"நான் சொல்லிக்கிறேன். ஒரு நாளுதானப்பா."

அக்கா அதுவரை அவனிடம் எதுவும் கேட்டதில்லை. தலையாட்டிவிட்டான்.

திங்கட்கிழமை எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. எட்டு ஏழுக்கு வேன் வந்தது. உள்ளே பதினைந்து தலைகள்; கோவிலூர்ப் பிள்ளை ஏறியதும் பதினாறு. சௌபர்ணிகா பதினேழாவது பிள்ளையாகத் துள்ளி ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். நாகவல்லியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு முத்தழகு ஸ்கூட்டியில் வேனைத் தொடர்ந்தாள். பதினெட்டே நிமிடத்தில் பள்ளி வந்துவிட்டது.

"பரவாயில்லையேக்கா! நீ சொன்ன மாதிரி இந்தா தான் இருக்கு" என்றாள் நாகவல்லி.

முத்தழகுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் வேன் கதவைப் பார்த்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் படிக்கிற ஒரு சின்னப் பெண் மட்டும் எழுந்திருக்கவில்லை. வாயோரம் எச்சில் வழிய, பையைக் கட்டிக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. பெத்தன் உள்ளே போய் அதைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு காலில் ஷூ இல்லை. தினமும் பதினாறாவதாக ஏறுகிற பிள்ளை. தினமும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "எண்ணுற அத்தே!" என்று கூப்பிடுகிற பிள்ளை. இன்றைக்கு அதை ஏழு மணிக்கே எழுப்பி ஏற்றியிருக்கிறார்கள்.

"இன்னைக்கு இவதான்க்கா மொதப் பிள்ளை" என்றான் பெத்தன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

முத்தழகு வேனுக்குள் ஏறி, இருக்கைக்கு அடியில் கிடந்த ஷூவைத் தேடி எடுத்து வந்து அந்தக் காலில் மாட்டினாள். வெல்க்ரோவை ஒட்டுவதற்குள் கண் கலங்கிவிட்டது. நிமிராமலேயே சொன்னாள்: "பொய் சொல்லிட்டேன்டி நாகவல்லி. வேனை மாத்தி ஓட்டச் சொன்னதே நாந்தான். நம்ம வீடுதான் மொதப் பிள்ளை. ஏழு அஞ்சுக்கு ஏறணும்."

நாகவல்லி கோபப்படுவாள் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவளோ அக்காவின் தோளில் கை போட்டாள். "நீ போன்ல 'இந்தா இருக்கு'ன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்துருச்சுக்கா. வேனையே திருப்புவன்னுதான் தெரியாது."

"வேன் எதுக்கு? நானே ஸ்கூட்டியில கொண்டாந்து விடுறேன். நீ மாடிக்கு வந்துரு."

"வீடு பாக்க உன் பார்ட்டி எல்லாம் எட்டு மணிக்குத்தான வாராக? சொந்தக்காரக வண்டிய நம்பிப் பள்ளிக்கூடம் எடுக்காதீகன்னு ஊருக்கே சொல்றது யாரு? மழைக்கு என்ன செய்வ? உனக்குக் காய்ச்சல்னா?"

எல்லாம் அவள் சொன்ன வார்த்தைகள்தான். முத்தழகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "சரி, ஏறு வண்டியில. பிள்ளை எத்தனாவது படிக்குது? உனக்கு எந்த ஊர்ல வேலை?" என்றாள். நாகவல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். சௌபர்ணிகா ஓடிவந்து, "பெரியம்மா, ஆறாவது!" என்று பதில் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் வீடு அமைந்துவிட்டது. உமையாள் ஆச்சி வீட்டு மாடி. பள்ளிக்கு நடந்தே ஏழு நிமிடம், வழியில் பெரிய சாலை எதுவும் குறுக்கிடாது. சிவகங்கை பஸ் ஏற நான்கு நிமிடம். முத்தழகு இரண்டையும் நடந்து பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். சௌபர்ணிகா பால்கனிக்குப் போய்ப் பள்ளிக்கூட மணி கேட்கிறதா என்று காது வைத்தாள். நன்றாகவே கேட்டது. சாயங்காலம் தாயும் மகளும் தர்மபுரிக்குக் கிளம்பும்போது, "மே மாசக் கடைசியில சாமானோட வாரேன்க்கா" என்றாள் நாகவல்லி. "வா, வா" என்று முத்தழகு சிரித்தபடிதான் வழியனுப்பினாள். பஸ் போன பிறகு கோவிலூருக்கு ஸ்கூட்டியைக் கிளப்பத்தான் அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு உமையாள் ஆச்சி கதவைத் திறந்தால், படியில் முத்தழகு நிற்கிறாள்.

"என்ன முத்தழகு, உன் தங்கச்சிக்கு வீடு பிடிக்கலையா?"

"அதெல்லாம் பிடிச்சிருச்சு ஆச்சி. கீழே பின்பக்கம் ஒரு போர்ஷன் பூட்டியே கெடக்குதே, அதை விடுவீகளா? ஒரு பார்ட்டி இருக்கு."

"அதா? ஒரு ரூமும் அடுப்படியும்தான இருக்கு. எத்தனை பேரு?"

"ஒரே ஆளு. பொம்பளை. கோவிலூர்ல சொந்த வீடு இருக்கு, அதை வாடகைக்கு விட்டுட்டு வாராக."

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொந்த வீட்ட விட்டுட்டு இந்தப் பொந்துக்கு எதுக்கு வாராக? பள்ளிக்கூடம் போற பிள்ளை இருக்கா?"

"இருக்கு ஆச்சி. நாலே முக்காலுக்கு வந்துரும். அம்மாக்காரி வாரதுக்கு ஏழு ஆயிரும். அதுவரைக்கும் கதவைத் திறந்துவிட, ஒரு வாய் காப்பி போட்டுக் குடுக்க ஆளு வேணும்ல?"

"சரி, அந்த ஆளை எப்பக் கூட்டிக்கிட்டு வாரே?"

முத்தழகு செருப்பைக் கழற்றி, படியோரம் சுவரை ஒட்டி ஜோடியாக வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.