முனிரத்தினம் பாவா சுடாமல் விட்ட தூரம்

அரக்கோணம் ஸ்டேஷனில் திருத்தணி வண்டிக்காக நின்றிருந்தபோது அக்காவின் போன் வந்தது. "பாவா போயிட்டார்டா" என்றாள். காலையில் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் மோட்டார் கொட்டகை வாசலிலேயே சாய்ந்துவிட்டாராம். கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் வண்டியில் கால் வைக்க இடமில்லை. கதவோரம் தொங்கிக்கொண்டு வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. இனி யாரும் என்னை அவரோடு ஒப்பிட்டுப் பேச முடியாது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் இது அஞ்சலி ஆகாது.

கே.ஜி.கண்டிகை முனிரத்தினம் உங்களுக்கெல்லாம் பன்றி சுடுகிறவர். எனக்கு என் அக்காவின் கணவர். நானும் அவரும் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள். இருவரிடமும் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆந்திர ஊர் ஒன்றில் காட்டுப்பன்றிகள் கடலையையும் கரும்பையும் அழிக்கும்போது, ஊர்க்காரர்கள் வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டு எங்களைக் கூப்பிடுவார்கள். எங்களை என்றால் அவரை. அவர் என்னையும் உடன் அழைத்துப்போவார்.

குறி வைப்பதில் நான்தான் கெட்டிக்காரன். பட்டாளத்தில் முந்நூறு மீட்டர் போட்டிகளில் நான் கோப்பைகள் வாங்கியிருக்கிறேன். அவர் ஒன்றுகூட வாங்கியதில்லை. ஒருமுறை விடுமுறையில் வந்தபோது அக்காவிடம் காட்டுவதற்கென்றே ஒரு கோப்பையை எடுத்துவந்தேன். பாவா அதை வாங்கி வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, "குறி அட்டை நவுராது மச்சான், அது ஒண்ணுதான் அதுல வசதி" என்றார். குரலில் கிண்டல் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு பல வருடங்கள் எனக்குள் கிடந்து உறுத்தியது.

ஒரு மாலை, குன்றுச் சரிவில் உட்கார்ந்திருந்தோம். கீழே கரும்பு ஓரத்தில் ஒரு பன்றி வந்து நின்றது. முந்நூற்றைம்பது மீட்டர் இருக்கும். பாவா புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டார். அது ஒரு பக்கம் பறந்தது. கீழே கரும்புச் சோகை வேறு பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் துப்பாக்கியை இறக்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "காத்து மேல ஒரு பக்கம், கீழ ஒரு பக்கம் அடிக்குது. குண்டு போய்ச் சேர்றதுக்குள்ள அது ஒரு அடி எடுத்து வெச்சாலும் வயித்துல படும். வயித்துல பட்டது சாவறதுக்கு எத்தினி நாளாவும் தெரியுமா?" என்றார். சரிவைச் சுற்றி இறங்கி நெருங்கப் பார்த்தார். பன்றி வாடை பிடித்து ஓடிவிட்டது. நான்காம் நாள் விடியற்காலையில், அறுபது மீட்டரில், ஒரே குண்டில் அதை வீழ்த்தினார். அந்த நாலு நாளும் ஊர்க்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. என்னால் பொறுக்க முடியாமல் போனது அதுதான். வெறுங்கையோடு திரும்பிய நாளிலும் முதல் டீ அவருக்குத்தான் வந்தது.

அடுத்த அறுவடையின்போது அதே சரிவு, ஏறக்குறைய அதே தூரம். "வேணாம் மச்சான்" என்றார். பின்னால் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுட்டேன். பன்றி விழுந்தது, எழுந்தது, முட்புதருக்குள் போய்விட்டது. எல்லோரும் விசில் அடித்தார்கள். பத்தடி தாண்டாது என்று சொன்னேன். வெளிச்சம் போய்விட்டதால் அன்று யாரும் தேடப் போகவில்லை.

விடிந்ததும் பாவா என்னைக் கூப்பிட்டார். முட்டி வலிக்கிறது என்றேன். வலி ஒன்றும் இல்லை. அவர் தனியாகப் போனார். மதியத்துக்கு மேல் சட்டையெல்லாம் முள் கிழித்துத் திரும்பி வந்தார். எல்லோர் முன்னாலும், "மச்சான் சுட்டது ஓடைகிட்ட செத்துக் கெடந்துச்சி" என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். திரும்பும்போது பைக்கில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "தாடை போயிருந்துச்சி. தண்ணிகிட்ட நின்னுகினு இருந்துச்சி. குடிக்க முடியல."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, அன்றும் சரி, பிறகும் சரி. திட்டியிருந்தால் நிம்மதியாக அவரை வெறுத்திருப்பேன். அந்த ஒற்றைக் குண்டின் கதையை நானே டீக்கடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் பக்கத்தில் இருந்தால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்.

கருமாதிக்கு அந்த ஊர்க்காரர்கள் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். அவர்களில் மூத்த விவசாயியான நாகப்பா, இனிமேல் பன்றி சுட நான்தான் வரவேண்டும் என்றார். அப்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அக்காவும் கேட்கட்டும் என்று, அந்தப் பன்றியைக் கொன்றது நான் இல்லை, பாவா என்று சொன்னேன். நாகப்பா என் தோளில் கை வைத்தார்.

"தெரியும் நைனா. அன்னிக்கி ஓடைப் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டுச்சி. அவரே அப்படி சொல்லும்போது நாங்க என்னா பேசறது?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது. அவர்மேல் வைத்த மதிப்பால், இத்தனை வருடம் என் மானத்தையும் காப்பாற்றியிருக்கிறார்கள். எனக்கென்று நான் வைத்திருந்த ஒரே பெருமையும் அவர் போட்ட பிச்சைதான் என்று அப்போது புரிந்தது. அன்று அக்கா என்னோடு பேசவில்லை. மறுநாள் அவளே இலை போட்டாள்.

அவருடைய துப்பாக்கியை அக்கா போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டாள். என்னிடம் அவர் பொருள் எதுவும் இல்லை; அவர்மேல் உள்ள பொறாமை மட்டும் இருக்கிறது. முன்பு அது அவருக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து வந்தது. இப்போது அப்படியில்லை. நான் காயப்படுத்திய உயிரின் எதிரே போய் நின்றவர் அவர். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும்.