பதினொரு குறைகளுடன் ஒரு வீடு விற்பனைக்கு

வீடு விற்க எண்ணும் ஐயா, அம்மையீர்,

ராட்டர்டாம் நகரில் ஒருவர் தம் வீட்டை விற்க முடிவு செய்தால், தெருவைப் பார்த்த சன்னல் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிடுவார். ‘தெ கோப்’ என்று அதில் எழுதியிருக்கும். விற்பனைக்கு என்பது பொருள். அதை ஒட்டியபின் அதன் கீழேயே அமர்ந்து, ஒன்றும் நடவாதது போலக் காப்பி அருந்துவார். நான் இந்நகரின் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைக் கப்பலோடு பிணைக்கும் வேலைக்குச் சேர்ந்த முதலாண்டில், அடுத்த வீட்டு ஹெங்க் என்பவரின் சன்னலில் அத்தகைய தாள் ஒன்று தோன்றியது. எங்கள் தூத்துக்குடியில் ஒருவர் வீட்டை விற்கிறார் என்றால் நோய், கடன், வழக்கு ஆகிய மூன்றில் ஒன்று உள்ளே புகுந்துவிட்டது என்றே கொள்வோம். பத்திரம் பதிவாகும் வரையில் பக்கத்து வீட்டுக்கும் அச்செய்தி போகாது. ஆகவே ஒரு பை ஆரஞ்சுப் பழங்களை வாங்கிக்கொண்டு அவர் கதவைத் தட்டினேன். அரைகுறை டச்சு மொழியில், “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டேன். “யாருக்கும் இல்லையே, உமக்கா?” என்றார் அவர். “கவலை வேண்டாம், நான் ஒருவரிடமும் சொல்ல மாட்டேன்” என்றேன். அவர் சன்னலையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “எல்லாரிடமும் சொல்லத்தானே ஒட்டியிருக்கிறேன்” என்றார். தோட்டமுள்ள வீடு வேண்டுமாம். காரணம் அவ்வளவே. பழங்களை மட்டும் அவர் மனைவியார் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

பல்லாண்டுகள் கழிந்து, இவ்வாண்டு நானே ஒரு வீட்டை விற்க வேண்டியவனானேன். நாங்கள் இந்நகரில் மூன்றாம் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தோம். மின்தூக்கி கிடையாது. இங்குள்ள பழைய கட்டடங்களின் படிக்கட்டு ஏணிக்கும் படிக்கும் இடைப்பட்ட ஒரு பொருள். இறங்குபவர் கப்பலில் இறங்குவது போல முதுகைக் காட்டியே இறங்க வேண்டும். என் மனைவி செலினுக்கு இரு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. சென்ற குளிர்காலம் முதல் அவள் மருத்துவமனைக்கு அன்றி வேறெதற்கும் தரையைத் தொடவில்லை. அந்நிலையில் எங்கள் தெருவிலேயே தரைத்தளத்தில் வசித்த யான்சன் அம்மையார், மகளிடம் போய்ச் சேர விரும்பித் தம் வீட்டை எங்களுக்குத் தர முன்வந்தார். கோடை முடியும் வரை காத்திருப்பதாகவும், அதற்குமேல் சன்னலில் தாளை ஒட்டிவிடப் போவதாகவும் சொன்னார். எங்களிடம் விற்பதற்கு இருந்தது ஒன்றுதான். தூத்துக்குடியில் திரேஸ்புரத்துக்குப் போகும் வழியில், நான் கப்பலில் சம்பாதித்துக் கட்டி, குடியிருந்தவர் காலி செய்தபின் பூட்டிக் கிடந்த வீடு. அதை விற்றால் செலின் தெருவுக்கு வருவாள்; விற்காவிட்டால் வரமாட்டாள். எங்கள் மகள் ஐந்து வாரம் தாயுடன் தங்க ஒப்புக்கொண்டதும் நான் விமானம் ஏறினேன். எழுபத்தொரு வயதில் முதல் கப்பல் ஏறும் இளைஞனைப் போல எனக்கு உள்ளம் துள்ளியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஊருக்கு வந்த மறுநாளே முத்துப்பாண்டி என்ற தரகர் வந்துவிட்டார். ஆற்றோரத்து நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நிலம் விற்றுக் கொடுத்துப் பழகி, வீடு மனைத் தொழிலுக்கு வந்தவர். சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்தார். அண்ணாந்து ஒருமுறை பார்த்தார்.

“அண்ணாச்சி, ரெண்டு விஷயம். யார்ட்டயும் மூச்சு விடாதிய. அப்புறம், வீடுன்னு சொல்லாதிய. மனைன்னு சொல்லுங்க. இடிச்சிட்டுக் கட்டுதவன்தான் வாங்குவான்.”

“நான் குடியிருக்கக் கட்டிய வீடு, தம்பி.”

“கட்டினிய, சரி. இப்ப விக்கத்தானே வந்திருக்கிய?”

அவர் சொன்ன இரண்டும் எனக்குக் கசந்தன. ராட்டர்டாமில் விற்பனை முகவரை ‘மகேலார்’ என்பர். அவரை அமர்த்திக்கொள்வோரும் உண்டு, தாமே விற்போரும் உண்டு. எதுவாயினும் மறைவு கிடையாது. எங்கள் மகள் அங்கே வீடு வாங்கியபோது, விற்றவர் தம் கைப்பட எழுதிய குறைப்பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். எந்தக் குழாய் ஒழுகும், எந்தப் பலகை கிறீச்சிடும், சுண்டெலி எவ்வழியே வந்தது என்பது வரை அதில் இருந்தது. அத்தாளைப் படித்தபோது அந்நாட்டின் மீது எனக்கு உண்டான மரியாதை இன்றும் குறையவில்லை. ஆகையால் நானே விற்பேன், தரகர் வேண்டாம் என்று முடிவு செய்து, செலினைத் தொலைபேசியில் அழைத்து அறிவித்தேன். “நீங்க விப்பிய. வாங்க யாரு வருவா?” என்றாள். அதை நான் பொருட்படுத்தவில்லை.

அன்றே ஒரு பலகை வாங்கி, நீல வண்ணத்தில் ‘இவ்வீடு விற்பனைக்கு, உரிமையாளரை நேரில் அணுகவும்’ என்று எழுதி முன்கதவுக்கு மேலே அறைந்தேன். எழுத்து நேராக வந்திருந்தது. எதிர்ப்புறம் போய் நின்று பார்த்து நானே மகிழ்ந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் தெரு திரண்டுவிட்டது. வாங்குவதற்கு அன்று, துக்கம் கேட்பதற்கு. எதிர்வீட்டார் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர், “செலினக்காவுக்கு ரொம்ப முடியலையோ?” என்று கண்ணைத் துடைத்தார். செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் மாலையில் வீட்டு வாசலில் நின்று பத்து மணிகள் உருட்டிச் செபம் சொல்லிவிட்டுப் போனார்கள். “முழங்கால்தான், அம்மா” என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மேலும் வாடியது. உண்மையைச் சொல்ல மனம் வராமல் முழங்கால் என்கிறேன் என்றே கொண்டார்கள்.

நான் தளரவில்லை. மறுநாள் அமர்ந்து குறைப்பட்டியலை எழுதினேன். ஐப்பசி மழையில் வடகிழக்கு மூலையில் நீர் கசியும். மேற்குச் சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிரும். மாடிக் குளியலறையின் சரிவு வெளியே போகாமல் அறையை நோக்கி வரும், இது கொத்தனார் பிழையன்று, நான் அவசரப்படுத்தியதால் நேர்ந்தது. கச்சான் என்னும் மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சோற்றில் மணல் விழும். இவ்வாறு பதினொரு குறைகள். பத்து நகல்கள் எடுத்து, வந்தவர்க்கெல்லாம் ஒன்று கொடுத்தேன். அத்தாளை நீட்டுகையில் எனக்கு உண்டான பெருமை, பரிசு வழங்குவோர்க்கு உண்டாகும் பெருமை. வங்கி ஊழியர் ஒருவர் நின்றபடியே முழுவதையும் வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. இதுல எழுதாதது என்ன?”

“ஒன்றுமில்லையே. அனைத்தையும் எழுதிவிட்டேன்.”

“இம்புட்டையும் வெளிய சொல்லுதியன்னா, சொல்ல முடியாதது ஒண்ணு உள்ள கெடக்கு. வில்லங்கம் பாத்துட்டு வாரேன்.”

வில்லங்கச் சான்றிதழில் ஒரு கறையும் இல்லை. ஆயினும் அவர் வரவில்லை. மூன்று வாரத்தில் ஏழு பேர் வந்தனர்; ஏழு பேரும் தாளைப் படித்தனர்; ஏழு பேரும் போயினர். மகள் தன் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. யான்சன் அம்மையார் இரண்டு முறை மேலே வந்து நலம் விசாரித்துப் போனார் என்றும், அது நலத்தை மட்டும் விசாரிப்பதற்கு அன்று என்றும் செலின் சொன்னாள். பின்பு சொன்னாள், “ஒங்க நேர்மைய இங்க அனுப்பி வையுங்க. நான் அதைப் புடிச்சிக்கிட்டு படி எறங்குதேன்.” நான் சிரித்துவிட்டேன்.

எட்டாவதாக வந்தவர் திரேஸ்புரத்தில் கருவாட்டுக் கிடங்கு நடத்தும் ரோசிலி என்ற அம்மையார். இரண்டு மருமகள்களுடன் ஒரே வீட்டில் நெருக்கி வாழ்வதாகவும், ஒரு மகனைத் தனிக்குடித்தனம் வைக்க வேண்டும் என்றும் சொன்னார். தாளை வாங்கி, படியில் உட்கார்ந்து வாசித்தபின், ஒவ்வொரு குறையாக நடந்துபோய்ப் பார்த்தார். குளியலறையில் ஒரு வாளி நீரைக் கவிழ்த்தார். நீர் அறைக்குள் வந்தது.

“சரியாத்தான் எழுதிருக்கிய” என்று வெடித்துச் சிரித்தார். “அண்ணாச்சி, நம்ம முன்னோரு சிப்பியத் தொறக்காமயே குவியலா ஏலத்துல எடுத்தவங்க. உள்ள முத்து இருக்கும்னு நெனச்சி எடுக்கணும். நீங்க தொறந்து வச்சிக்கிட்டு, இதுல முத்து இல்ல, இதுல மணலுன்னு சொல்லிட்டு நிக்கிய. ஆளு வருமா?”

“உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?”

“புடிச்சிருக்கு. ஆனா வெல ஒங்கட்டப் பேச மாட்டேன். சொந்தக்காரர் மூஞ்சியப் பாத்துக் கொறச்சிக் கேக்க எனக்கு வாய் வராது. நடுவுல ஒரு ஆளக் கூட்டிட்டு வாங்க.”

அவர் போனபின் அந்தப் படியில் அமர்ந்தபோது பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. இருபது வயதில், கப்பலேறும் முன், நான் என் தகப்பனாருடன் வல்லத்தில் மீன்பிடிக்கப் போய்வந்தேன். மீனைக் கரையில் கொட்டியதும் ஏலம் கூறுபவர் வந்து குரல் எடுப்பார். என் தகப்பனார் குவியலுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றுவிடுவார். ஒரு நாள் அருமையான சீலா மீன், விலை ஏறவேயில்லை. பொறுக்காமல் நான், “விடியக்காலம் புடிச்சதுங்க, பனிக்கட்டியே படல!” என்று கத்திவிட்டேன். கூட்டம் அடங்கியது. பிடித்தவனே பேசுகிறான் என்றால் மீனில் ஏதோ இருக்கிறது என்று ஒருவர் பின் ஒருவராக விலகினர். அன்று அம்மீன் கருவாட்டுக்குப் போயிற்று. என் தகப்பனார் என்னைத் திட்டவில்லை. “மீனப் பத்தி மீன் பேசட்டும், வெலையப் பத்தி ஏலக்காரரு பேசட்டும்” என்று மட்டும் சொன்னார். அன்று செய்த அதே பிழையை எழுபத்தொரு வயதில் நீல வண்ணத்தில் எழுதிக் கதவுக்கு மேல் அறைந்திருக்கிறேன் என்று விளங்கியது. வெட்கத்தைக் காட்டிலும் விடை கிடைத்த களிப்பே மேலோங்க, செருப்பை மாட்டிக்கொண்டு முத்துப்பாண்டியின் கடைக்கு விரைந்தேன்.

“வாங்க, வாங்க” என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “வெளிநாட்டு வியாபாரம் முடிஞ்சிதா அண்ணாச்சி?”

“முடிந்தது. ஆனால் தம்பி, மனை என்று சொல்லக் கூடாது. இந்தத் தாளையும் மறைக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒப்பினால் நீரே விலை பேசும், நான் வாய் திறவேன்.”

தாளை வாங்கிப் படித்தார். பாதியில் அவர் கண் மின்னியது. “இதப் போயி ஆளுக்கு ஒண்ணு குடுத்து வீணடிச்சிட்டியளே” என்றார்.

மறுநாள் ரோசிலியின் கிடங்கில் பேச்சு நடந்தது. நான் வாசலில், தெருவைப் பார்த்து, முதுகைக் காட்டி நின்றேன். உள்ளே முத்துப்பாண்டியின் குரல் ஓங்கியது. “பதினோரு கொற எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. இந்த ஊர்ல எவன் போடுவான்? பன்னெண்டாவது கொற ஒண்ணு நீங்க கண்டுபுடிங்க யக்கா, என் தரகு எனக்கு வேண்டாம்.” ரோசிலியின் குரல் அதற்குமேல் ஏறியது. “அந்தப் பதினொண்ணையும் யாரு சரி பண்ணுவா, ஒங்க அப்பாவா?” நான் எத்தனை முறை திரும்பிப் பேசத் துடித்தேன் என்பதை ஆண்டவரே அறிவார். பற்களைக் கடித்துக்கொண்டு, தெருவில் போகும் லாரிகளைப் பார்த்தேன். உள்ளே திடீரென்று இருவரும் சேர்ந்து சிரித்தனர். அச்சிரிப்பில் விலை முடிந்தது. விலையைக் கேட்டபோது, எனக்கும் நிறைவு, ரோசிலிக்கும் நிறைவு. குளியலறைத் தரையை மட்டும் நான் சரிசெய்து தருவது என்று முடிவு. அதை மகிழ்ச்சியுடன் செய்தேன்.

ஆகவே தாமே விற்பதா, தரகர் வழியே விற்பதா என்று வினவும் அன்பர்களுக்கு என் அனுபவம் இது. குறைகளை உங்கள் கையால் எழுதுங்கள். விலையை இன்னொருவர் வாயால் பேச விடுங்கள். எங்கள் ஊருக்கு இது பொருந்திற்று. பிற ஊர்களுக்கு நான் உத்தரவாதம் தர இயலாது.

கோடை முடியுமுன் யான்சன் அம்மையாரின் சாவி எங்கள் கைக்கு வந்தது. குடிபுகுந்த அன்று பிற்பகல், செலின் கைத்தடியுடன் கதவைத் திறந்து, ஒரே ஒரு படி தாண்டி, தானாகத் தெருவில் நின்றாள். நான் பிடிக்க ஓடினேன். “விடுங்க” என்றாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, “பத்திரத்துல நாலு எல்லை எழுதிருக்கா?” என்று கேட்டாள். இந்நாட்டுப் பத்திரத்தில் எல்லை எழுதும் வழக்கம் இல்லை, எண் மட்டுமே இருக்கும் என்றேன். “அதெப்படி? வீடுன்னா நாலு எல்லை வேணும்லா” என்று கைத்தடியை நீட்டித் தானே சொல்லத் தொடங்கினாள். “வடக்க ரொட்டிக் கடை. தெக்க வாய்க்கா. மேக்க அந்த மொராக்கோக்காரர் வீடு.” கைத்தடி கிழக்கே திரும்பி, அங்கிருந்த சைக்கிள் கொட்டகையைத் தாண்டி, சற்று உயர்ந்து நின்றது.

“கிழக்க, ரோசிலி வீடு” என்றாள்.

இவ்விவரத்தைத் தூர எறிந்துவிடாமல் உங்களிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.