சுவரொட்டியில் வேறொரு பெண்

செய்தியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கொடைரோட்டிலிருந்து வந்து திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது எதிர்ச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தேன். அதில் இருந்த பெண்ணை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். அவள் இறந்து நூறு வருடமாவது ஆகியிருக்கும். கீழே இருந்த பெயரை இரண்டு முறை படித்தேன். எங்கள் பள்ளி நூலகர் ஜெசிந்தா டீச்சரின் பெயர் அது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அங்கே படித்தவர்களுக்கும் அந்தப் படம் நினைவிருக்கும். நூலகத்தில் அவர் மேசைக்கு மேலே தொங்கியது. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஏதோ வெளிநாட்டுப் புத்தகத்தின் தாள். செம்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரித்து, மை தடவி அச்செடுத்த முகம். மாதா கோயில் பூசைக்குப் போகும் நம் பெண்களைப் போலவே முக்காடு போட்டிருப்பாள். பெயர் எதுவும் இல்லை.

கணக்கு வாத்தியாரான எனக்கு அதில் கோடுகள்தான் தெரிந்தன. "தூக்கம் வர்ற மூஞ்சி டீச்சர்" என்றேன் ஒருநாள். அவர் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். "கண்ணுக்குக் கீழ பாருங்க சார். அழுது முடிச்சு, மூஞ்சியக் கழுவிட்டு வந்து உக்காந்திருக்கா. யாரும் எதுவும் கேட்டுறக் கூடாதுன்னு இருக்கா."

பார்த்தேன். அதன்பிறகு அந்த முகத்தை வேறு மாதிரி பார்க்க முடியவில்லை. வகுப்பு இல்லாத நேரங்களில் போய் நின்றுவிடுவேன். அவரும் எழுந்து வந்து பக்கத்தில் நிற்பார். "இந்தம்மா போனப்ப அழுக ஆள் இருந்துச்சோ என்னமோ. நாமளாச்சும் செத்த நேரம் பாப்போம் சார்" என்பார்.

ஓய்வு பெற்றபோது படத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். தனியாக வாழ்ந்தவர். அடக்கத்துக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்த அண்ணன் மகன், வீட்டுச் சுவரில் வேறு படமே இல்லாததால், அது அத்தையின் இளவயதுப் படம் என்று நினைத்துவிட்டார்.

நான் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. கல்லறைக் கல்லில் முகம் பொறிக்கிறவர் அதே படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தார். "இது டீச்சர் இல்லை" என்றேன்.

அண்ணன் மகன் பதறிப்போய் ஆதார் அட்டையைக் கொண்டுவந்தார். "நானே வருசத்துக்கு ஒருக்காத்தானுங்க பார்ப்பேன். இந்த அட்டையிலயும் அத்தையாட்டமே இல்லீங்க சார். நீங்க கூட வேலை பார்த்தவருங்க. ரெண்டுல எது அத்தை மாதிரி இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க."

அட்டையில் இருந்தவரை எங்கேயும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கண்ணை மூடி டீச்சரை நினைத்துப் பார்த்தேன். முக்காடு போட்ட அந்தப் பெண்தான் வந்தாள். கல் பொறிக்கிறவர் காத்துக்கொண்டிருந்தார். "பேர் மட்டும் போதும் தம்பி" என்றேன். அப்படியே செய்தார்கள்.

சுவரொட்டிகள் இன்னும் கிழியவில்லை. கடக்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்க்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

பத்தொன்பது வருடம் டீச்சரின் பக்கத்தில் நின்று அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். அழுது முடித்த முகத்தை இவர் எப்படி இவ்வளவு சுலபமாகக் கண்டுகொண்டார் என்று ஒருநாள்கூட அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வெட்கம் என்னை விடுவதாக இல்லை. பக்கத்தில் நின்றதால் அவருடைய குரல் மட்டும் என்னிடம் இருக்கிறது. உங்களில் யாராவது அவரை நேருக்கு நேர் பார்த்திருந்தால், எப்படி இருந்தார் என்று எனக்குச் சொல்லுங்கள்.