முதல் வீட்டைப் பார்த்துப் பூசிய நிறம்

என் தங்கை பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே நான்கு மொழி பேசக் கற்றாள். வீடு வீடாகப் பால் ஊற்றியே மகளை ஆளாக்கினாள். நகராட்சிக் குமாஸ்தா ஒருவரை எங்கள் தெரு முழுக்க நடக்கவும் வைத்தாள். முதல் இரண்டையும்விட இந்த மூன்றாவதுதான் அவள் உயிரை வாங்கியது.

எங்கள் தெருப் பள்ளிக்கு எந்தெந்த மொழி ஆசிரியர் வேண்டும் என்று தெரிந்துகொள்ள, எந்தத் தெருவில் எந்த இனத்தார் என்று நகராட்சியில் இனத்துக்கு ஒரு நிறமாக வரைபடம் போட்டார்கள். குமாஸ்தா தெருவின் முதல் வீட்டில் மட்டும் கேட்டுவிட்டு, இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரே நிறத்தைப் பூசிவிட்டார். இருப்பதோ நான்கு இனத்தார். மற்ற மூன்று இனத்துப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர் கிடையாது. அதில் என் தங்கை மகளும் ஒருத்தி.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா" என்றார் குமாஸ்தா, நகராட்சிக்கே போய்க் கேட்ட தங்கையிடம்.

"வீட்டுக்கு ஒரு பானை கொதிக்குது சார். தினம் பால் ஊத்துற எனக்குத் தெரியாதா?"

"அப்ப எழுதிக் குடு. கைநாட்டு செல்லாது, கையெழுத்து வேணும்."

மூன்று முறை போயும் இதே பாட்டுதான்.

"அண்ணே, என் பேரை எழுதிக் காட்டு. அந்தாளுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியணும்" என்றாள். ஒன்பது நாள் பால் கேன் மூடியில் சாக்பீஸால் எழுதி அழித்தாள். நான் வீடு வீடாக விவரம் எழுதிய மனுவின் அடியில், பாதிப் பக்கத்துக்குத் தன் பெயரைப் போட்டாள். குமாஸ்தா முனகிக்கொண்டே இருபத்திரண்டு கதவையும் தட்டினார்.

அவள் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட நாள் 1998 மார்ச் 17, செவ்வாய்க்கிழமை.