ராகு காலத்துக்கு முன்னால் மாட்டிய பிரேக்

மகனை ஸ்கூட்டரில் ஏற்றுவதற்கு முன் சித்தூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே பிரேக்கைப் பலமுறை பிடித்துப் பார்ப்பேன். போதுமா என்று சந்தேகம் வரும். இன்னொரு முறை பிடிப்பேன். கணவர் சிரிப்பார். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் சொன்னதில்லை.

நான் சிறுமியாக விஜயபுரத்தில் இருந்தபோது நைனா, அதாவது என் அப்பா, ஒரு பழைய நாலு சக்கர வண்டியை வாங்கிவந்தார். திருப்பதிப் பக்கம் மூடிப்போன ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிய வண்டி அது. கூரை கிடையாது, மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல ஹேண்டில்பார், சக்கரங்கள் மட்டும் டிராக்டருக்குத் தம்பி. தோப்பில் மாங்காய்க் கூடை ஏற்றத்தான் வாங்கினார். எனக்காக வாங்கினார் என்று நான் நம்பினேன்.

பிரேக் பிடித்தால் இரும்போடு இரும்பு உரசிக் கீச்சிடும். புதுசு போடும்வரை பிள்ளையை ஏற்றக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா ரேணிகுண்டாவிலிருந்து பிரேக் பேட் வாங்கிவந்து, வாசலிலேயே வண்டியைக் கல்மேல் தூக்கி வைத்துச் சக்கரங்களைக் கழற்றினார். பழைய பேட் தேய்ந்து வெறும் தகடாகியிருந்தது. புதியது தடிமன். அதைப் பிடித்துக்கொள்ளும் கவ்வியை நெம்பி அகட்டித்தான் மாட்ட முடிந்தது. அப்படி அகட்டினால், ஓட்டும் முன் பிரேக்கைப் பலமுறை பிடித்துப் பிடித்து விட வேண்டும். அப்போதுதான் பேட் நகர்ந்து வந்து, சக்கரத்தோடு சுழலும் தட்டைத் தொடும். நைனாவுக்கு அது தெரியும்.

ஆனால் சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கியதுமே அம்மா முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற? ராகு காலம் வந்துடப் போவுது. பழத்து மேல ஏத்துய்யா!"

"இரும்மே. வேணும்னா நீ வந்து ஓட்டு."

"ஓட்டுவேன். ஒன்னவிட ஜோரா ஓட்டுவேன். மொதல்ல எடு."

நான் ஏறப்போனேன். "நீ அப்பறம்" என்று அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

அவசரத்தில் நைனா பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினார். பழங்கள் நசுங்கின. வண்டி வாசல் சரிவில், கீழே இருந்த கிணற்றை நோக்கி இறங்கியது. நைனா பிரேக்கைப் பிடித்தார். கைப்பிடி வெறுமனே ஹேண்டில்பார்வரை போய் வந்தது. மறுபடியும் பிடித்தார். மறுபடியும். அம்மா ஓடிப்போய்ப் பின்கம்பியைப் பிடித்து, வெறுங்காலோடு இழுபட்டாள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து விட்டதிலேயே பேட் தட்டைத் தொட்டிருக்க வேண்டும். சுற்றுச்சுவர் இல்லாத அந்தக் கிணற்றுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

நைனா இறங்கி, முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லை வைத்தார்.

"பாத்தியா, நின்னுச்சு. புது பேட்" என்றார் நைனா.

"பழம் வெச்சதால நின்னுச்சு" என்றாள் அம்மா.

பஸ் ஏறினாலே தலைசுற்றுகிறவள், மறுநாளிலிருந்து தினமும் முதல் சுற்று தனக்குத்தான் வேண்டும் என்றாள். நைனாவின் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கித் திரும்புவாள். பிறகு உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "ம், இப்ப ஏறு" என்பாள்.

எனக்கு ஆத்திரமாக வரும். இவளுக்கு இவ்வளவு வண்டி ஆசையா என்று, அவள் எழுந்துபோன இடத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காருவேன்.