குடியுமில்லை, மருந்துமில்லை

என் கணவரைக் குடிகாரர் என்று முதலில் சொன்னவர் அவர் ஓட்டிய பஸ்ஸின் முதலாளி. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாலாவது பொறுத்திருப்பேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், வண்டி நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, டிரைவர் சீட்டிலிருந்து இறங்கச் சொல்லி, "எங்க, ஊது பாப்பம்" என்று தன் மூக்கை அவர் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாராம். இவரும் ஊதியிருக்கிறார். ஒரு வாடையும் இல்லை. "ஏலக்கா மென்னுட்டு வந்துருக்கான், கில்லாடி" என்றாராம் முதலாளி. கூட்டம் சிரித்ததாம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஊருக்கு ஊர் சாராயக்கடை திறந்திருந்த சமயம். ஓர் ஆண்பிள்ளை கொஞ்சம் தடுமாறினால் குடி என்று முடிவுகட்டிவிடுவது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது. என் கணவர் குடிக்கிறவர் இல்லை. குடித்த ஆள் யாராவது முன் சீட்டில் உட்கார்ந்தால், வாடை தலைவலி கொடுக்கிறது என்று பின்னால் போகச் சொல்லுவார். அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் ஓடும் அந்த பஸ்ஸைப் பல வருஷமாக அவர்தான் ஓட்டினார். குன்னத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எனக்கு ஆரம்பப் பள்ளி வாத்தியார் வேலை. காலையில் அவர் வண்டியிலேயே போய் இறங்கிக்கொள்வேன். அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

அன்று சாயங்காலம் கண்டக்டர் அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்.

"டீச்சரக்கா, அண்ணனுக்கு ஒடம்புதான் சரியில்ல. குன்னத்துல ரெண்டு விசில் குடுத்தும் வண்டிய எடுக்கல. முன்னாடி போயிப் பாத்தா கியரையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்காரு. 'இத என்னடா பண்ணணும்'னு என்னையக் கேக்குறாரு. நான் வெளாட்டுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எடுத்துட்டாரு. பெரம்பலூர்ல ஸ்டாண்டுக்குள்ள திரும்பாம நேரா போயிட்டாரு. எல்லாருமாக் கத்தித்தான் நிறுத்துனோம்."

என் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல, "யாரு? எந்த டிரைவரு?" என்று கேட்டார். கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குச் சில மாதம் முன்னாலிருந்தே சின்னச் சின்ன மாற்றங்கள் இருந்தன. கரண்டியைக் கரண்டி என்று சொல்ல வராமல் "அந்த, சோறு போடுறது" என்பார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். நான் அப்போதே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. பிறகு இன்னும் இரண்டு இடங்களில் காட்டினேன், பேச்சு ஒன்றுதான். முதல் ஆஸ்பத்திரியில் மேஜைக்குப் பின்னாலிருந்த டாக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"என்ன பண்ணுது?"

"மறதி அதிகமா இருக்குதுங்க. பேச்சும் தடுமாறுது."

"வயசாயிட்டா அப்படித்தாம்மா."

"நாப்பத்தெட்டுதாங்க ஆவுது."

அப்போதுதான் நிமிர்ந்தார். என் கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குடிப்பாரா?"

"கெடையாதுங்க."

"எல்லாப் பொம்பளைங்களும் இதத்தான் சொல்றீங்க" என்று சத்து ஊசி எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. என் கணவர் வாசலில் நின்று, "அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான்.

வேலை போய் வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். என் நாத்தனார், அவருக்கு ஒரே தங்கை, செட்டிகுளத்துப் பக்கம் வாக்கப்பட்டவள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். வந்தவள் அவரைப் பார்த்து அழுதாள். அழுது முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க அண்ணனுக்கு என்னத்தக் கலந்து குடுத்தீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. புருஷனைத் தன் சொல்லுக்கு ஆடவைக்க மனைவி சோற்றில் மருந்து வைப்பாள், அது வயிற்றில் தங்கி மூளையைக் குழப்பும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. எங்களுக்குக் குழந்தை இல்லை. நான் சம்பாதிக்கிறவள். அவள் கணக்கில் எல்லாம் பொருந்திப்போயிற்று.

"பெத்துக் குடுக்க வழியில்ல. எங்க அவரு இன்னொண்ணு கட்டிருவாரோன்னு மருந்து வச்சிட்டீங்க" என்று தெருவே கேட்கச் சொன்னாள். நேற்றுவரை என்னிடம் பேனா மை கடன் வாங்கிப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை, அன்றிலிருந்து என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க விடவில்லை அவர்கள் தாய்மார்.

மருந்து எடுக்கிற ஆளிடம் அவரைக் கூட்டிப்போனார்கள். நானும் கூடப் போனேன். தனியாக அனுப்ப எனக்கு மனம் இல்லை. அந்தம்மா அவரைப் படுக்கவைத்து, வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, வாழையிலையில் துப்பினாள். முடியும் சுண்ணாம்பும் கலந்த ஓர் உருண்டை. நாத்தனார் என்னைப் பார்த்தாள். என் கணவர் பயந்துபோய் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்குப் போவலாம், வூட்டுக்குப் போவலாம்" என்று நடுங்கினார்.

"அது அவ வாயிலயே இருந்துச்சும்மா. நல்லாப் பாரு" என்றேன் நாத்தனாரிடம். அவள் நம்பவில்லை. அவள்மேல் எனக்கு அன்று வந்த கோபம் பிறகு தணிந்துவிட்டது. அண்ணன் கண் முன்னால் கரைந்துபோகிறான், படித்த டாக்டர் ஒரு காரணமும் சொல்லவில்லை, அவள் யாரிடம் போவாள்? கோட்டும் குழாயும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்மேல் வந்த கோபம்தான் இன்றுவரை தணியவில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் அவர் காணாமல் போனார். எந்த பஸ்ஸில் ஏறினாலும் அவரிடம் யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள், எல்லாருக்கும் தெரிந்த முகம். கண்டக்டர் பஸ் பஸ்ஸாக விசாரித்து, ஏலாக்குறிச்சியில் மாதா கோயில் வாசலில் அவரைக் கண்டுபிடித்தார். கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம் தாங்கள் கட்டிவந்த சோற்றைப் பிரித்து அவருக்கும் ஊட்டிக்கொண்டிருந்ததாம். போலீஸ் ஸ்டேஷனில் நான் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தேன். கிடைத்துவிட்டார் என்று சொல்லப் போனபோது, "மெட்ராஸுக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருங்கம்மா, எதுக்கு எங்க உசுர வாங்குறீங்க" என்றார் அங்கிருந்தவர்.

அதற்கு மறுவாரம் திருச்சிக்குப் போனோம். நரம்பு டாக்டர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று என் பள்ளித் தலைமையாசிரியர் சொன்னார். இந்தச் சின்னத் தகவலை எங்களை ஊசி போட்டு அனுப்பிய ஆஸ்பத்திரியில் ஒருவரும் சொல்லவில்லை.

அந்த டாக்டர் நாற்காலியை இழுத்து என் கணவருக்கு எதிரில் போட்டுக்கொண்டார். பேனாவைக் காட்டி இது என்ன என்றார். கடிகாரத்தைக் காட்டினார். ஒரு தாளைக் கொடுத்து, கடிகாரம் மாதிரி வட்டம் போட்டு மணி எண்களை எழுதச் சொன்னார். என் கணவர் எல்லா எண்களையும் ஒரு மூலையில் குவித்து எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு டாக்டர் என்னிடம் கேட்டார், எப்போது ஆரம்பித்தது, முதலில் எது மறந்தது, தூக்கம் எப்படி, கோபம் வருகிறதா என்று. அதுவரை எந்த டாக்டரும் என்னை இப்படி விவரமாகக் கேட்டதில்லை. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது.

ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து அடுத்த தடவை போனபோது சொன்னார்: "இது குடியும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. மூளை கொஞ்சங்கொஞ்சமா சுருங்குற வியாதி. வயசானவங்களுக்கு அதிகம். சில பேருக்கு இப்படிச் சீக்கிரமே வந்துரும். இதுக்கு மருந்து கெடையாது."

"அப்ப எதுக்குங்க ரத்தம் எடுத்தீங்க?"

"இதே மாதிரி மறதி வேற சிலதாலயும் வரும். அதையெல்லாம் மருந்துல சரிபண்ணிரலாம். அதுவான்னு மொதல்ல பாத்துருக்கணும்."

பார்த்திருக்க வேண்டும்! ஊசி போட்டு அனுப்பிய நாட்கள் எல்லாம் என் கண் முன் வந்தன. என் கணவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை என்பது வேறு. அது தெரியாமலே அவரைத் தள்ளிவிட்டார்கள் அல்லவா?

மருந்து இல்லை என்றவர் சும்மா அனுப்பவில்லை. பரீட்சை வைப்பதுபோல அவரைக் கேள்வி கேட்காதே, தப்பாகச் சொன்னால் வாதாடாதே, தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே வேலை, சட்டைப் பையில் ஊர் பேர் எழுதிய துணி தைத்து வை என்று பொறுமையாகச் சொன்னார். இதில் எதற்கும் பெரிய மெஷின் வேண்டியதில்லை. எங்கள் ஊரிலேயே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

திரும்பி வந்ததும் முதலாளியின் ஆபீசுக்குப் போனேன்.

"அவருக்கு மூளையில வியாதிங்க. நீங்க குடிகாரன்னு சொன்னீங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன டாக்டராம்மா?"

"டாக்டர் இல்லாமத்தானே அன்னிக்கு மூக்க நீட்டுனீங்க? அதே ஸ்டாண்டுல நின்னு, அது குடியில்லன்னு சொல்லுங்க."

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். கடைசிவரை சொல்லவில்லை. கண்டக்டர்தான் அரியலூரிலும் பெரம்பலூரிலும் டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். பகலில் நான் பள்ளிக்குப் போகும்போது கண்டக்டரின் மனைவி என் கணவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். வெங்காயம் கொடுத்து உரிக்கச் சொல்லுவாளாம். அவர் சந்தோஷமாக உரிப்பாராம். நாத்தனாரும் மெல்ல வர ஆரம்பித்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவருக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுவாள், போகும்போது "வரேன் அண்ணி" என்பாள்.

கடைசி வருஷத்தில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டீ வாங்கப் போய்த் திரும்பினால், அவர் இரண்டு கைகளையும் கட்டுத்துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு சிவந்திருந்தது. ஆடு மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஊசியப் புடுங்குறாரும்மா. நாங்க என்ன பண்றது?" என்றாள் நர்ஸ்.

"எங்கையப் புடிச்சுக்கிட்டா புடுங்க மாட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று அவிழ்த்துவிட்டேன். சத்தம் கேட்டு ஓர் இளம் டாக்டரம்மா வந்தார். திருச்சி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த வியாதியின் பெயரைச் சொன்னேன். அவர் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "படிக்கிறப்ப புஸ்தகத்துல இதப் பத்தி ரெண்டு பக்கம் இருந்துச்சுங்க. பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டோம்" என்றார். பொய் சொல்லாமல் சொன்னாரே என்று அவர்மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. ஆனால் அந்த இரண்டு பக்கத்தை விட்டதால் யார் பரீட்சையில் தோற்றது என்று நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தக் காய்ச்சலிலேயே அவர் போய்விட்டார். என் பேரை அவர் மறந்து வெகுநாள் ஆகியிருந்தது. கையை மட்டும் கடைசிவரை விடவில்லை.

அடுத்த வருஷம், என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் அப்பா என்னிடம் வந்தார். குன்னத்துப் பக்கம் வெங்காயக் காட்டு வேலைக்குப் போகிற குடும்பம்.

"டீச்சர், எங்க அம்மாவுக்குப் பேச்செல்லாம் கொழறுது. அடுப்பு பத்தவச்சத மறந்துருது. ஆஸ்பத்திரில வயசுன்னுட்டாங்க. உங்க வூட்டு சாருக்கும் இப்படித்தான் இருந்துச்சாமே?"

அந்தம்மாவைப் போய்ப் பார்த்தேன். ஐம்பத்தைந்து இருக்கும். முகம் ஊதி, குரல் கட்டி, வெயிலிலும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே பேச்சு.

"வயசுதாம்மா."

"இருக்கட்டுங்க. திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுங்க."

"இதுக்கெல்லாம் எழுத முடியாது."

"எழுதிக் குடுக்குறவரைக்கும் நான் இந்த எடத்தவிட்டு நகர மாட்டேன்."

வெளியே வரிசை நீண்டது. ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எரிச்சலோடு கிறுக்கிக் கொடுத்தார். திருச்சியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை, தினம் ஒரு மாத்திரை போதும் என்றார்களாம்.

சில மாதம் கழித்து அவர்கள் காட்டுக்குப் போனேன். அந்தம்மா வரப்பில் உட்கார்ந்து வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டே, சரியாக ஆய்வதில்லை என்று மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்க டீச்சர்" என்று மடி நிறைய வெங்காயம் அள்ளிப்போட்டார். எனக்குச் சந்தோஷம்தான், சத்தியமாகச் சந்தோஷம்தான். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. ஒரு மாத்திரையில் எழுந்து நடக்கக்கூடிய எத்தனை பேரை, வயசு என்று ஒற்றைச் சொல் சொல்லி, இந்த இரண்டு டவுனுக்கும் நடுவிலிருக்கும் வீடுகளின் இருட்டு மூலையில் உட்காரவைத்திருக்கிறார்கள்? அரியலூர் வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.