கார்களைப் பார்த்து நின்ற ஆட்டம்

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் ஒரு மைதானத்தின் ஓரம் மீன் ரோல்ஸ் தின்றபடி நிற்கிறேன். யாழ்ப்பாணத்தின் பழம்பெரும் கல்லூரி ஒன்றில் படித்தவர்கள், அதன் பெயரிலேயே இங்கே கால்பந்து ஆடுகிறார்கள். இந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லையாம். தேநீர் ஊற்றும் அக்கா அணித் தலைவரின் மனைவி. சென்னையிலிருந்து வந்த என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்.

“குறை நினையாதேங்கோ தம்பி. அங்கால திரும்பி நில்லுங்கோ.”

“ஏன்க்கா?”

“இவ்வளவு நாளும் நீங்கள் இல்லாமத்தானே வெண்டனாங்கள்.”

திரும்பி, நிறுத்தியிருக்கும் கார்களைப் பார்த்து நிற்கிறேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய “ஐயோ!” எதிரணி கோல் போட்டுவிட்டது. நான் பார்க்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் திருப்புகிறார். “இப்ப பாருங்கோ!”

பார்க்கிறேன். தொப்பை வைத்த ஒருவர் எம்பித் தலையால் முட்ட, பந்து வலைக்குள் விழுகிறது. சமநிலை. தோல்வி இல்லை.

அக்கா இன்னொரு ரோல்ஸை என் கையில் திணிக்கிறார். “வாற ஞாயிறு கொலோனில கடைசி மேட்ச்.”

“சனிக்கிழமை எனக்கு ஃபிளைட்டுக்கா.”

அவர் மைதானத்தில் நிற்கும் கணவரைப் பார்த்துக் கத்துகிறார். “இஞ்சாருங்கோ! தம்பியின்ர டிக்கெட்டை மாத்தவேணும்!”